கொரியர் கடையில் ஒரு வேளைச் சாப்பாடு

சென்ற விடுமுறையில் நான் ஒரு கொரியச் சாப்பாட்டுக் கடையில் உண்டேன். இந்தச் செய்தியை விடுதியில் சொன்னதும் நண்பர்களிடமிருந்து மூன்று கேள்விகள் வந்தன. "பாம்பு, தவளை எல்லாம் உண்டா?" என்றார் ஒருவர். "குச்சியை வைத்துக்கொண்டு எப்படியப்பா சோறு தின்றாய்?" என்றார் இன்னொருவர். "நாற்றம் தாங்க முடிந்ததா?" என்றார் மூன்றாமவர். முதல் இரண்டு கேள்விகளுக்கும் அன்றே விடை சொல்லிவிட்டேன். பாம்பும் இல்லை, தவளையும் இல்லை, நெத்திலி இருந்தது. கொரியர் சோற்றைக் குச்சியால் உண்பதில்லை; கரண்டியால் உண்கிறார்கள். மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும். அதற்காகவே நம் மன்ற மலரில் சில பக்கங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். நான் லாங் ஐலண்டுக்காரன். இந்தப் பெயரைக் கேட்டதும் நண்பர்கள் பலர் என்னை அமெரிக்காவில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். எங்கள் லாங் ஐலண்ட் அந்தமானில் உள்ள ஒரு சிறு தீவு. நடு அந்தமானுக்குக் கிழக்கே, ரங்கத்துக்கு எதிர்ப்புறம் கிடக்கிறது. காட்டு வேலையையும் மர வேலையையும் நம்பி வந்து குடியேறியவர்களின் ஊர் அது. தமிழர், வங்காளிகள், ராஞ்சிக்காரர்கள் என்று பல மொழிக்காரர்களும் அக்கம்பக்கத்தில் வாழும் இடம். தோணித்துறையில் இறங்கினால் காற்றில் கடல் வாடையும் யாரோ உலர்த்தும் கருவாட்டின் வாடையும் சேர்ந்து வரும். அங்கே கொரியக் கடை ஏதும் இல்லை. கொரியச் சாப்பாட்டைத் தேடி நான் கடல் கடந்து வரவுமில்லை. கப்பலில் ஏறி மூன்று நாள் பயணம் செய்து சென்னைக்கு வந்தது, ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் என் தமக்கையைப் பார்ப்பதற்காக.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் இராமானுசர் பிறந்த ஊர் என்றுதான் பள்ளியில் படித்திருந்தேன். இன்று அந்தப் பக்கம் போகிறவர்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் இன்னொன்றையும் பார்க்கலாம். தமிழும் ஆங்கிலமும் எழுதிய பலகைகளுக்கு நடுவே வட்டமும் கோடும் கட்டமுமாக ஒரு புதிய எழுத்து தென்படும். அதுதான் கொரிய எழுத்து. 1996இல் ஹூண்டாய் நிறுவனம் தன் இந்தியக் கிளையைத் தொடங்கியது. அருகில் உள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுந்தது. 1998இல் அதன் முதல் காரான சான்ட்ரோ விற்பனைக்கு வந்தது. கார் ஆலையைத் தொடர்ந்து, அதற்கு உதிரிப் பொருள் செய்து தரும் கொரிய நிறுவனங்கள் பலவும் வந்தன. பொறியாளர்களும் மேலாளர்களும் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார்கள். மனிதன் போன இடத்துக்கு அவன் சோறும் போகும் அல்லவா? சென்னையிலும் ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியும் கொரியச் சாப்பாட்டுக் கடைகள் தோன்றின. முதலில் அவை கொரியருக்காகவே நடந்தன. பின்னர்க் கொரியத் தொடர்களைப் பார்த்துப் பழகிய நம் இளைஞர்களும் படியேறத் தொடங்கினார்கள்.

என் அத்தான் அப்படி ஓர் உதிரிப்பொருள் ஆலையில் வேலை பார்க்கிறார். நான் போன மறுநாள், "மாப்பிள்ளை, தினமும் உன் அக்கா வைக்கும் குழம்புதானே? இன்று எங்கள் மேனேஜர்மார் சாப்பிடும் இடத்துக்குப் போவோம், வா" என்றார். அக்கா சிரித்தாள், வரமாட்டேன் என்றுவிட்டாள். நாங்கள் இருவரும் போனோம்.

பெரிய ஓட்டல் என்று எண்ணிவிடாதீர்கள். கீழே ஒரு மருந்துக் கடை. மாடியில் பத்துப் பன்னிரண்டு மேசைகள். சில மேசைகளின் நடுவே இறைச்சி சுடுவதற்கான அடுப்புக் குழி இருந்தது. ஆலை உடையிலேயே சில கொரியர்கள் உட்கார்ந்து விரைவாக உண்டுகொண்டிருந்தார்கள். நம் ஊரில் வேலைக்கு நடுவே ஓடிவந்து அளவுச் சாப்பாடு உண்டுவிட்டுப் போகும் கடை எப்படியோ, அப்படித்தான் அதுவும். கடையை நடத்துபவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க கொரிய அம்மையார். தமிழில் "வாங்க, உட்காருங்க" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தமிழ் அதிகம் வரவில்லை. எங்களுக்கு அவர் மொழி அதுகூட வரவில்லை.

நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே சிறு சிறு கிண்ணங்கள் மேசைக்கு வந்துவிட்டன. எண்ணிப் பார்த்தேன், ஆறு. எனக்குத் திகைப்பாகிவிட்டது. "இதையெல்லாம் யார் கேட்டது? பணம் எவ்வளவு ஆகும்?" என்று அத்தானின் காதில் கேட்டேன். அவர், "நம் ஊரில் இலை போட்டதும் கூட்டு, பொரியல், ஊறுகாய் வைப்பதற்கு நீ தனியாகப் பணம் கொடுப்பாயா?" என்று திருப்பிக் கேட்டார். கொரியச் சாப்பாட்டை விளங்கிக்கொள்வதற்கு அந்த ஒரு கேள்வியே திறவுகோல் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அந்தச் சிறு கிண்ணங்களில் வருபவற்றுக்குப் பன்சான் என்று பெயர். தொடுகறி என்று நாம் சொல்லலாம். சாப்பாட்டின் நடுநாயகம் சோறுதான். அதன் பெயர் பாப். கொரிய மொழியில் பாப் என்றால் சோறு என்றும் பொருள், சாப்பாடு என்றும் பொருள். நாம் ஒருவரைக் கண்டதும் "சாப்பிட்டீர்களா?" என்று நலம் விசாரிப்பதைப் போல, அவர்களும் "பாப் உண்டாயிற்றா?" என்று கேட்கிறார்கள். சோற்றோடு சூடான சாறு ஒன்றோ, கெட்டியான குழம்பு ஒன்றோ வரும். சுற்றிலும் தொடுகறிகள் இருக்கும். பழைய முறையில் தொடுகறிகளை 3, 5, 7, 9 என்று எண்ணி, அந்த எண்ணால் விருந்தின் தரத்தைச் சொல்வார்களாம். அரசனுடைய மேசைக்கு 12. சாதாரணக் கடையில் அந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. தொடுகறி தீர்ந்தால் இன்னும் கேட்கலாம். அதற்குத் தனி விலை இல்லை என்பதே பொது வழக்கம். கேட்டு வாங்கி மீதம் வைப்பதுதான் மரியாதைக் குறைவு.

எங்கள் மேசைக்கு வந்தவை இவை: முளைகட்டிய சோயாப் பயற்றை வேகவைத்து நல்லெண்ணெயும் பூண்டும் பிசறியது ஒன்று, அதே முறையில் கீரை ஒன்று, சிறு நெத்திலிக் கருவாட்டை இனிப்பும் உறைப்புமாக வறுத்தது ஒன்று, உருளைக்கிழங்கு ஒன்று, முள்ளங்கியைச் சதுரமாக வெட்டி மிளகாயில் ஊறவைத்தது ஒன்று, கடைசியாகச் சிவந்த நிறத்தில் முட்டைக்கோசைப் போன்ற ஓர் இலை. அதுதான் கிம்ச்சி.

அந்தக் கிண்ணத்தை அந்த அம்மையார் என் பக்கம் நகர்த்தினார். புளிப்பும் பூண்டும் மீனும் கலந்த ஒரு வாடை குப்பென்று எழுந்தது. நான் என்னை அறியாமலே முகத்தைப் பின்னுக்கு இழுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. சிறு புன்னகையோடு கிண்ணத்தை எடுத்து மேசையின் அந்த ஓரத்தில் வைத்தார்.

எனக்குச் சுரீரென்றது. ஏனென்றால் அப்படி ஒரு கை பின்வாங்கியதை நான் முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேயரிலிருந்து அப்பாவோடு கப்பலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரில் கரேன் இனத்து மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். கரேன் மக்கள் 1925இல் காட்டு வேலைக்காகப் பர்மாவிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள். மாயாபந்தருக்கு அருகில் வெபி முதலான ஊர்களில் வாழ்கிறார்கள். நடுப்பகலில் அந்த மூதாட்டி தம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார். சோற்றின் மேல் நாப்பி இருந்தது. மீனையோ கூனி இறாலையோ உப்பிட்டுப் புளிக்கவைத்து அரைத்த விழுது அது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஐயே, நாற்றம்!" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மூதாட்டி என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக மூடியைப் போட்டுத் தூக்கைக் காலடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் இறங்கும் வரையில் அவர் அதை மறுபடி திறக்கவில்லை. அப்பா என்னை அடிக்கவில்லை. "நம் வீட்டுக் கருவாட்டுப் பானையை அந்த அம்மாள் வந்து திறந்து பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. இந்தக் கடையில்தான் சொல்ல நேர்ந்தது. எழுந்து போய் அந்தக் கிம்ச்சிக் கிண்ணத்தை நானே எடுத்து வந்து என் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு துண்டை வாயிலிட்டேன். முதலில் உறைப்பு, பிறகு புளிப்பு, கடைசியில் கருவாட்டுக் குழம்பை நினைவூட்டும் ஒரு சுவை. மூன்றாவது துண்டுக்குள் வாடை மறந்துபோயிற்று. அந்த அம்மையார் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சிறிது நேரத்தில் கிண்ணத்தை மறுபடியும் நிரப்பி வைத்துவிட்டுப் போனார்.

கிம்ச்சி என்பது என்ன? நீளமான ஒரு வகைக் கோசை நெட்டுவாக்கில் பிளந்து, உப்பு நீரில் ஊறவைத்துக் கழுவுவார்கள். மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, வெங்காயத் தாள், உப்பிட்டுப் புளிக்கவைத்த சிறு இறால் அல்லது நெத்திலிச் சாறு ஆகியவற்றைக் கலந்த விழுதை ஒவ்வோர் இலைக்கும் நடுவே தடவுவார்கள். பிறகு மண் சாடியில் அடைத்துப் புளிக்க விடுவார்கள். கொரியாவின் குளிர்காலம் நம்மால் நினைத்தும் பார்க்க முடியாதது. தண்ணீர் உறைந்துபோகும், வயலில் பசிய இலை ஒன்றும் இராது. அந்த மாதங்களில் உண்பதற்காகக் குளிர் தொடங்கும் முன்பே வீட்டாரும் அண்டை அயலாரும் கூடி அமர்ந்து, குளிர்காலம் முழுவதற்கும் வேண்டிய கிம்ச்சியைப் போட்டு வைப்பார்கள். சாடிகளைக் கழுத்தளவு மண்ணில் புதைப்பது பழைய வழக்கம். கூடிச் செய்யும் இந்த வேலைக்குக் கிம்ஜாங் என்று பெயர். செய்ததை வீட்டுக்கு வீடு பகிர்ந்துகொள்வார்கள். 2013இல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வடகமும் வற்றலும் போடும் நம் பெண்மணிகளின் கூட்டத்தை இதற்கு ஒப்பிடலாம். நமக்கு வெயில் துணை, அவர்களுக்குக் குளிர் துணை.

அந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது என்பதில் ஒரு வியப்பான செய்தி இருக்கிறது. இலையில் இயல்பாக இருக்கும் நுண்ணுயிர்கள் உப்பிலும் பெருகிப் புளிப்பை உண்டாக்குகின்றன. அவற்றுள் முக்கியமான ஒன்றின் பெயர் லியூகோனோஸ்டாக் மெசென்டராய்டிஸ். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் இந்த உயிர் நமக்கு அந்நியமன்று. நம் வீட்டில் இரவில் கரைத்து வைத்த இட்லி மாவைக் காலையில் பொங்க வைப்பதும் இதே உயிர்தான். நம் வெப்பத்தில் ஒரே இரவில் முடியும் வேலை, அவர்கள் குளிரில் பல வாரம் நடக்கிறது. இட்லியை மணமென்றும் கிம்ச்சியை நாற்றமென்றும் சொல்கிறவர்கள், ஒரே சமையற்காரன் ஆக்கிய இரண்டு பண்டங்களுக்கு இரண்டு விதமாகத் தீர்ப்பளிக்கிறார்கள்.

மிளகாயும் அப்படித்தான். கிம்ச்சியின் சிவப்பைப் பார்த்து, அது ஆதியிலிருந்தே அப்படி என்று நினைக்கத் தோன்றும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ஐரோப்பியக் கப்பல்கள் ஆசியாவுக்கு வரத் தொடங்கிய பிறகே அது நமக்கும் கிடைத்தது, கொரியருக்கும் கிடைத்தது. கொரியாவில் 1614இல் எழுதப்பட்ட ஒரு நூலில் மிளகாய் ஜப்பான் வழியாக வந்த பொருளாகக் குறிக்கப்படுகிறது. அதற்கு முன் அவர்கள் கிம்ச்சி வெளுப்பாகவே இருந்தது. நம் குழம்பு மிளகால் உறைத்தது. ஒரே விருந்தாளி ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு வீட்டுக்கும் வந்து, இரண்டு வீட்டிலும் சொந்தக்காரனாகிவிட்டான்.

இனி, நீங்கள் ஒரு நாள் அப்படிப்பட்ட கடைக்குப் போனால் எதைக் கேட்டு வாங்குவது என்று சொல்கிறேன்.

முதன்முதலாகப் போகிறவர்களுக்கு ஏற்றது பிபிம்பாப். சோற்றின் மேல் கீரை, கேரட், முளைப்பயறு, காளான், முட்டை ஆகியவற்றை வண்ண வண்ணமாக அடுக்கி வைத்திருப்பார்கள். அழகாயிருக்கிறதே என்று கலைக்காமல் உண்ணக் கூடாது. மிளகாயும் சோயாவும் சேர்ந்த கொச்சுஜாங் என்னும் விழுதைப் போட்டு நன்றாகப் பிசைய வேண்டும். பிபிம் என்றாலே பிசைதல். பிசைந்து உண்பதில் தமிழனுக்கு யார் பாடம் சொல்ல வேண்டும்? சில கடைகளில் இதைச் சூடேறிய கல் சட்டியில் தருவார்கள். அடியில் சோறு முறுகலாகப் பிடித்திருக்கும். அதைச் சுரண்டி உண்பது தனிச் சுவை. ஆனால் சட்டியைக் கையால் தொட்டுவிடாதீர்கள்.

கிம்பாப் என்பது கடற்பாசித் தாளில் சோற்றையும் காய்கறியையும் வைத்துச் சுருட்டித் துண்டு போட்டது. பயணத்துக்கும் உலாவுக்கும் அவர்கள் எடுத்துச் செல்லும் கட்டுச்சோறு அது. ஜாப்சே என்பது சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் செய்த, கண்ணாடி போன்ற சேமியா. தொக்பொக்கி, அரிசி மாவை விரல் போலத் திரட்டி உறைப்பான குழம்பில் வேகவைத்தது, கொழுக்கட்டைக்கு உறவு. கெட்டியான குழம்புகளுக்கு ச்சிகே என்று பெயர். கிம்ச்சி ச்சிகே, த்வென்ஜாங் ச்சிகே என்று பல உண்டு. த்வென்ஜாங் என்பது சோயாவை வேகவைத்துக் கட்டியாக்கி, வைக்கோலில் கட்டித் தொங்கவிட்டுப் புளிக்கவைத்து எடுக்கும் விழுது. இந்த விழுதுகளைச் செய்யும் மரபும் 2024இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது.

இவற்றுள் ஒரு குழம்புக்கு வரலாறு உண்டு. அதன் பெயர் புதே ச்சிகே; படை முகாம் குழம்பு என்று பொருள். 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரின்போதும் அதற்குப் பின்னும் அந்நாட்டு மக்கள் பெரும் பசியில் வாடினார்கள். அமெரிக்கப் படை முகாம்களிலிருந்து வெளியே வந்த தகர டப்பா இறைச்சியையும் சாசேஜையும் கிம்ச்சியோடு கொதிக்கவைத்துப் பசியாறினார்கள். அந்தப் பஞ்ச காலத்துக் குழம்பு இன்று நண்பர்கள் கூடி விரும்பி உண்ணும் பண்டமாகியிருக்கிறது. அதே போரில் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் நம் நாட்டின் 60ஆவது பாரசூட் கள மருத்துவப் படைப்பிரிவு அங்கே சென்று காயம்பட்டவர்களுக்குத் தொண்டு செய்தது. கொரியருக்கும் நமக்கும் உள்ள பழக்கம் கார் ஆலையோடு தொடங்கியதன்று என்பதற்காக இதைச் சொன்னேன்.

மரக்கறி உண்ணும் நண்பர்கள் ஒன்றைக் கட்டாயம் மனத்தில் கொள்ள வேண்டும். "இது வெறும் கோசு, இது வெறும் கீரை" என்று நம்பி வாயில் வைத்துவிடாதீர்கள். கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ இறாலோ இருக்கும். குழம்புக்கு அடிநீராகவே நெத்திலிக் கருவாட்டையும் கடற்பாசியையும் கொதிக்கவைத்த நீரைச் சேர்ப்பதுண்டு. கண்ணுக்குத் தெரியாது. "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீன் சாற்றை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்க்காமல் இருக்கலாம். "இறைச்சி, மீன், இறால், மீன் சாறு, முட்டை" என்று வேண்டாதவற்றைத் தனித்தனியே பெயர் சொல்லிக் கேளுங்கள். புல்கொகி பெரும்பாலும் மாட்டிறைச்சி. மேசையிலேயே சுட்டுத் தரும் சம்கியொப்சல் பன்றி இறைச்சி. சோயா, எள், இறால் ஒத்துக்கொள்ளாத உடம்புக்காரர்களும் முன்கூட்டியே கேட்பது நல்லது. கேட்பதில் வெட்கமில்லை. கொரியாவிலும் பௌத்த மடங்களில் ஊன் இல்லாமல், பூண்டும் வெங்காயமும்கூட இல்லாமல் சமைக்கும் பழைய மரபு இருக்கிறது. ஆகவே நோன்பும் விலக்கும் அவர்களுக்குப் புரியாத செய்திகள் அல்ல.

அடுத்தது மேசை ஒழுக்கம். இதில் நமக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. பெரியவர் கரண்டியை எடுத்த பிறகே இளையவர் எடுக்க வேண்டும். பெரியவருக்கு எதையும் கொடுக்கும்போதும் அவரிடமிருந்து வாங்கும்போதும் இரு கைகளையும் நீட்ட வேண்டும்; அல்லது வலக்கையை நீட்டி இடக்கையால் அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். சோற்றுக்கும் சாற்றுக்கும் நீண்ட காம்புள்ள உலோகக் கரண்டி; தொடுகறிக்குக் குச்சி. குச்சிகளும் உலோகமே, சற்றுத் தட்டையாக இருக்கும், ஆகையால் வழுக்கும். எனக்கு முளைப்பயறு நான்கு முறை விழுந்தது. அத்தான், "ஆறு மாதம் ஆயிற்று மாப்பிள்ளை எனக்கு" என்று ஆறுதல் சொன்னார். வராவிட்டால் முள்கரண்டி கேளுங்கள், ஒருவரும் நகைப்பதில்லை. குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைக்காதீர்கள். இறந்தோருக்குப் படைக்கும் முறை அது. வாய்க்கரிசியை வைத்து நாம் விளையாடுவோமா? அதுபோலத்தான். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கி வாயருகே கொண்டு செல்வதும் அங்கே வழக்கமில்லை.

நமக்கு இடறும் இடம் ஒன்று உண்டு. குழம்புச் சட்டியை மேசை நடுவில் வைத்து எல்லோரும் தம் கரண்டியாலேயே அள்ளி உண்பது அவர்கள் பழைய வழக்கம். எச்சில் பார்க்கும் நமக்கு அது கூச்சமாக இருக்கும். ஒரு சிறு கிண்ணம் கேட்டு, பொதுக் கரண்டியால் எடுத்துக்கொள்ளலாம். இன்று கொரியரிலும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். இறைச்சியையும் சேமியாவையும் கத்தரிக்கோலால் வெட்டித் தந்தால் திடுக்கிட வேண்டாம். அது சமையலுக்கென்றே வைத்திருக்கும் கத்தரிக்கோல்.

உண்ணத் தொடங்கும்போது அவர்கள் "ஜல் மொக்கெஸ்ஸும்னிதா" என்பார்கள். நன்றாக உண்பேன் என்பது பொருள். முடித்ததும் "ஜல் மொகொஸ்ஸும்னிதா" என்பார்கள். நன்றாக உண்டேன் என்று பொருள். இந்த இரண்டாவது தொடரை அத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். பணம் கொடுக்கும் இடத்தில் அந்த அம்மையாரிடம் அதைத் தப்பும் தவறுமாகச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததை எழுத எனக்குச் சொல் வரவில்லை.

வெளியே வரும்போது அத்தான், "அவர்களும் அம்மாவை ஓம்மா என்கிறார்கள், அப்பாவை அப்பா என்றே சொல்கிறார்கள். அவர்கள் நம் ஆட்கள்தான்" என்று முடிவு கட்டினார். நாம் மாணவர்கள், இதில் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905இலேயே ஒரு நூல் எழுதினார். ஆனால் இரண்டும் ஒரே குடும்பம் என்று மொழியியலார் இன்றுவரை ஏற்கவில்லை. அம்மா, அப்பா போன்ற மழலைச் சொற்கள் உலகின் பல மொழிகளில் தற்செயலாக ஒத்திருக்கின்றன. உறவு என்று மெய்ப்பிக்கப்படாவிட்டால் என்ன? உறவினரோடு மட்டும்தான் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று யார் சொன்னது? அவர்கள் நம்மவர்கள் என்பதற்காக மதிப்பதைவிட, அவர்கள் அவர்களாகவே இருப்பதற்காக மதிப்பது பெரிது.

மூன்றாவது நண்பரின் கேள்விக்கு இப்போது விடை சொல்லிவிடலாம். நாற்றம் என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் நறுமணம் என்றே பொருள். பூவின் நாற்றம் என்று புலவர்கள் கூசாமல் சொன்னார்கள். பிற்காலத்தில்தான் அந்தச் சொல் கெட்டது. சொல்லைக் கெடுத்தது மூக்கன்று, மனம். இதே விடுதியில், வீட்டிலிருந்து வந்த கருவாட்டுப் பொட்டலத்தை நம்மில் ஒருவர் பிரித்தபோது, அடுத்த அறைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டதை நாம் மறந்துவிடவில்லை. அன்று நமக்கு எப்படி இருந்தது? அந்த வருத்தத்தை நினைவில் வைத்திருப்பவர் இன்னொருவர் கிண்ணத்தைப் பார்த்து மூக்கைப் பிடிக்கமாட்டார். பிடிக்காத பண்டத்தை உண்ண வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "எனக்குப் பழக்கமில்லை" என்று சொல்லி ஒதுங்கலாம். அதற்கும் "ஐயே" என்பதற்கும் இடையே கடலளவு தூரம் இருக்கிறது.

கப்பலில் கண்ட அந்த மூதாட்டியின் பெயர் எனக்குத் தெரியாது. அவர் இன்று இருக்கிறாரோ இல்லையோ, அதுவும் தெரியாது. மன்னிப்புக் கேட்க நினைத்தாலும் இடமில்லை. என்னால் ஆகக்கூடியது ஒன்றுதான். இனி என் முகத்தைப் பார்த்து எவரும் தம் சோற்றுத் தூக்கை மூடும்படி நேரக் கூடாது.